பிச்சுமணி சாமியின் கண்ணாடிக் கடல்

எங்கள் வீட்டுத் தரையில் ஓர் ஓட்டை உண்டு. பலகையில் கணு விழுந்த இடம். ஒரு கண்ணை வைத்தால் அடைபட்டுப்போகும், அவ்வளவுதான் அளவு. அந்த ஓட்டைக்கு நேர் கீழே கடல் இருக்கிறது.

பொய் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் கட்டிடம் ஒரு காலத்தில் சுக்குக் கிடங்காக இருந்தது. வியாபாரம் நொடித்தபின் முதலாளி அங்கங்கே பலகை அடித்துத் தடுத்து வீடுகளாக்கி வாடகைக்கு விட்டார். மாடியில் நானும் அம்மாவும். கீழே பிச்சுமணி சாமியும் காமாக்ஷி மாமியும். சாமியின் முன்னறையில், என் அம்மா இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு நீளத்தில், ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நிஜக் கடல் தண்ணீர், நாலைந்து நிஜ மீன், நடுவில் லட்சத்தீவிலிருந்து கப்பலில் வந்த ஒரு பவழம். ஷோகேஸில் வைக்கிற செத்த வெள்ளைப் பவழம் இல்லை. உயிருள்ளது. ஒரு தேங்காய் அளவு இருக்கும். விளக்குப் போட்டால் அதன் மேலெல்லாம் பச்சையாகப் பூப்பூவாக விரியும், தொட்டால் சுருங்கும்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்து பேச்சுவார்த்தை நின்றுபோனது. அம்மா அழகம்மாள் சுக்கு பொறுக்கும் வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே பகல் முழுவதும் நானும் ஓட்டையும்தான். ஒரு தடவை நூலில் பொரி கட்டி இறக்கி மீன்களைத் துள்ள வைத்தேன். சாமி அதைப் பார்த்துவிட்டு மீனுக்குப் புத்தி வந்துவிட்டதென்று இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னொரு தடவை ரப்பர் பல்லி. அது மாமியின் தோளில் விழுந்து, மாமி இரண்டு முறை குளித்தார். அதன் பிறகு சாமி ஏணி வைத்து ஏறி ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார். நான் ஆணியால் அட்டையில் ஓட்டை போட்டேன். அந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சமாதானம் ஏற்பட்டது: அவர் அடைப்பதில்லை, நான் எதையும் போடுவதில்லை. பார்ப்பது மட்டும்.

ஒரு பட்டர் சாமி, அதாவது தமிழ்ப் பிராமணர், மீன் வளர்த்தால் மட்டாஞ்சேரி சும்மா விடுமா? கடைத்தெருவில் சாமி நடந்தால் யாராவது கேட்பார்கள்.

"சாமீ, எப்போ வறுக்கிறது?"

"உன்னை வறுத்துட்டு அப்பறம் அதை வறுக்கறேன்" என்பார் சாமி, நிற்காமல்.

அவருக்கு வேலை, குடிதண்ணீரைச் சோதிக்கிற ஒரு ஆபீஸில். லேபில் சின்ன உத்தியோகம். ஊர்க் குழாய்களிலிருந்து குப்பி குப்பியாகத் தண்ணீர் வரும். அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்தவர். அப்பா இங்கே ஒரு ஓட்டலில் சமையல். கொச்சிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சாமிக்குப் படகு ஆகாது. எர்ணாகுளம் போகிற ஃபெர்ரியில் ஏறி உட்கார்ந்தாலே முகம் வெளுத்துவிடும். பாலம் சுற்றி பஸ்ஸில்தான் ஆபீஸ் போவார்.

கடலில் கால் வைக்க முடியாதவர் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்த கதை இப்படி. எழுபத்தாறிலோ ஏழிலோ, லட்சத்தீவுக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சாமிக்கு ஒரு வெள்ளைப் பவழம் கொடுத்தார். எல்லாரையும் போல அவரும் அதை அலமாரியில் வைத்தார். ஒரு நாள் அந்தக் கப்பல்காரர் பேச்சுவாக்கில், "இது உசிரோட இருந்தப்போ பச்சை நிறம் சாமி, பூ மாதிரி விரிஞ்சு நிக்கும்" என்றாராம். அன்றைக்கு ராத்திரி சாமி சாப்பிடவில்லை என்று மாமி சொல்லியிருக்கிறார்.

"எல்லாரும் எலும்பைக் கொண்டுவந்து ஷோகேஸில வெச்சுண்டிருக்கா ஓமனே" என்று சாமி என்னிடமே ஒரு தடவை சொன்னார். "நானும் வெச்சுண்டிருந்தேன். ஒண்ணையாவது உசிரோட பார்க்கணும். பார்த்துண்டே இருக்கணும்."

அப்படி ஆரம்பித்ததுதான். ராசப்பன் அண்ணன் என்று எஞ்சின் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர் ஒருவர். அவர் வாராவாரம் வெளிக்கடலிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து தருவார். சாமி பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவார். கோடை முழுவதும் பவழம் ராஜா மாதிரி இருக்கும். ஜூன் மாசத்து இடவப்பாதி மழை பிடித்ததும் வினை. ஆறெல்லாம் கலங்கி வந்து, காயல் கடலில் சேருகிற அழிமுகத்தில் விழும்; கரையிலிருந்து கண் எட்டும் தூரம் வரை கடல் பால் குறைந்த சாயா மாதிரி கிடக்கும்; அதில் உப்பே இருக்காது. வள்ளமும் வெளியே போகாது. மூன்று நாலு மாசத்துக்குப் புதுத் தண்ணீர் இல்லை. கர்க்கடகம், அதாவது ஆடி மாசம், வந்தால் பவழம் சுருங்கி, நுனி வெளுத்து, ஒரு நாள் காலையில் எலும்பாக நிற்கும்.

இப்படி மூன்று மழைக்கு மூன்று பவழம் செத்தது. நாலாவது வந்தபோது சாமி எர்ணாகுளத்தப்பன் கோயிலில் நின்று சொல்லிவிட்டார்: "இதுவும் போனா தொட்டியைக் காலி பண்ணிடறேன். ஒரு ஜீவனை எத்தனை தடவை கொல்றது? மீனைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டு, கடைக்காரனுக்கு அரிசி கொட்டி வைக்கத் தொட்டியைக் கொடுத்துடறேன்." வீட்டுக்கு வந்து மாமியிடமும் சொன்னார். மாமி, "ரொம்ப நல்லது" என்றார்.

மாமிக்குத் தொட்டி பிடிக்காது. அப்படித்தான் எல்லாரும் நினைத்தோம். மீன் நாற்றம், மடி போச்சு, முன்னறை போச்சு. முதல் நாளே சத்தியம் செய்திருந்தார்: "என் விரல் இந்தத் தண்ணியில படாது. பட்டா அன்னிக்கு என் பேர் காமாக்ஷி இல்லை." மழைக்காலத்தில் கரன்ட் போய்க் காற்று மோட்டார் நின்றால் சாமி சைக்கிள் பம்பை வைத்து மீனுக்குக் காற்றடிப்பார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் சாமிக்கு விசிறுவார். தொட்டிப் பக்கம் பார்க்க மாட்டார்.

இந்த எண்பத்து நாலாம் வருஷ மழையில் சாமி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆபீஸில் ஊர்த் தண்ணீருக்குச் செய்கிற சோதனையைத் தன் கடலுக்கும் செய்து பார்த்திருக்கிறார். ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாக மாறினால் காரத்தன்மை எவ்வளவென்று தெரியும். வேறொரு மருந்தில் ரோஸ் நிறம் ஊதாவாக மாறினால் கால்சியம் தெரியும். மழை பிடித்த பிறகு வாரம் வாரம் இரண்டும் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்தார். பவழம் தின்கிறது. தின்று வீடு கட்டுகிறது. சரக்கு தீர்ந்ததும் சாகிறது.

நான் இதைப் புரிந்துகொண்டது இப்படி. பவழம் ஒரு கொத்தனார். அவனுக்குக் கல்லும் வேண்டும், சாந்தும் வேண்டும். கால்சியம் கல், காரம் சாந்து. ஒன்று மட்டும் வண்டி வண்டியாக வந்து இறங்கினால் கொத்தனார் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டையும் ஒன்றாகத் தெருவிலேயே கொட்டினால், அவன் வந்து சேர்வதற்குள் அது தெருவிலேயே இறுகிக் கல்லாகிவிடும். அதற்குப் பிறகு கல்லும் இல்லை, சாந்தும் இல்லை.

சாமி முதலில் சாந்து மட்டும் போட்டார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஆப்பச் சோடாவைக் கரைத்துத் தொட்டியில் விடுவார். காரம் ஏறியது. கால்சியம் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது துறைமுகத்துக்கு வந்த ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலின் எஞ்சினியர் சாமிக்குச் சிநேகம் ஆனான். அவன் வீட்டிலும் இதே பைத்தியம் உண்டாம். சாயாக்கடை மேஜையில் தண்ணீரைத் தொட்டுப் படம் போட்டே சொல்லிக் கொடுத்தான்: சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, சொட்டுச் சொட்டாக விடு. அதில் கல்லும் சாந்தும் சரியளவில் சேர்ந்தே இருக்கிறது. சோடாவை நிறுத்திவிடு.

மட்டாஞ்சேரியில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? காயல் சிப்பியான கக்காயை நீற்றிய சுண்ணாம்பு எல்லா வெற்றிலைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் சாமியின் வீட்டுக்குள் மட்டும் அது நுழையக் கூடாது.

ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாமியின் வாயில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு வந்ததென்று டாக்டர் சொன்னார். இனி தொட்டால் உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னார். மாமி அன்றைக்கே வெற்றிலைச் செல்லத்தையும் சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்ப் படகுத்துறையில் நின்று காயலில் எறிந்தார். "இனி இந்த ஆத்துல சுண்ணாம்பு வந்தா நான் இந்த ஆத்துல இல்லை" என்றார். திட்டு மறைந்தது. சாமி அதற்குப் பிறகு தொடவில்லை.

ஆகவே சாமி சுண்ணாம்பைப் பின்கட்டில், விறகுக்குப் பின்னால், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒளித்து வைத்தார். ஆஸ்பத்திரி குளூக்கோஸ் பாட்டில் ஒன்றைக் குழாயோடு சம்பாதித்துத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார். மாமி கேட்டதற்கு, "நல்ல தண்ணியாக்கும். வத்திப்போறதுக்கு ஈடு" என்றார். அதில் பொய் பாதிதான். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் குழாயைத் திறந்துவிட்டுக் குளித்துக் கோயிலுக்குப் போவார். திரும்பி வருவதற்குள் பாட்டில் பாதி சொட்டியிருக்கும்.

இது எனக்கு அப்போது தெரியாது. பின்கட்டு என் ஓட்டைக்கு எட்டாது. எனக்குத் தெரிந்தது வேறு.

ஒரு சாயங்காலம் மாமி பூஜைப் படத்துக்கு முன் விளக்கேற்றினார். பிறகு தெருக்கதவு வரை போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து அடுக்களையிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்தார். அதோடு துடைப்பக் குச்சிகள் நாலைந்தைச் சேர்த்து நூலால் ஸ்பூனைக் கட்டி ஒன்று செய்திருந்தார், நீளமாக. தண்ணீர் மேலே படக் கூடாதல்லவா! முழங்கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டம்ளரிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனாக எடுத்துத் தொட்டியில் விட்டார். ஆப்பச் சோடாத் தண்ணீர். சாமி மறந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். மழைக்காலம், மஞ்சள்காமாலை சீசன், ஆபீஸில் குப்பிகள் குவிந்து கிடந்தன. சாமி தலை தெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்பூனை விட்டுவிட்டு மாமி பவழத்தைப் பார்த்துச் சொன்னார்: "சாப்பிடு. செத்துத் தொலைச்சுடாதே. பின்னே அந்த மனுஷனும் சாப்பிடாது."

நான் மேலே மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்று முதலில் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்று கேட்டால் தெரியாது.

மறுநாள் மாமி குழாயடியில் என்னைப் பிடித்தார்.

"எடீ ஓமனே, சாமி கடையில வெத்தலை வாங்கறதைப் பார்த்தியோ?"

"இல்ல மாமி. எந்தா?"

"நகத்துல சுண்ணாம்பு இருந்தது." மாமியின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "ரெண்டு நாளாப் பார்க்கறேன். கேட்டா கோலமாவுன்னு சொல்றது அந்த மனுஷன். அது எப்போ கோலம் போட்டுது?"

நான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன், கேலியாக. மாமியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் சாமியின் கடலில் பனி பெய்தது. நான் பனியைப் பார்த்ததில்லை. காலண்டரில் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி. சாமி கோயிலுக்குப் போயிருந்தார். குளூக்கோஸ் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மாமி விளக்கேற்றி, வழக்கம் போல ஸ்பூன் ஸ்பூனாகச் சோடாத் தண்ணீரை விட்டார். அன்றைக்குப் பவழம் கொஞ்சம் சுருங்கி இருந்ததால் இரண்டு ஸ்பூன் அதிகம். சொட்டு விழுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது. அப்படியே விரிந்தது. கொஞ்ச நேரத்தில் மீனும் தெரியவில்லை, பவழமும் தெரியவில்லை, தொட்டி முழுவதும் கஞ்சித் தண்ணீர். மாமி ஸ்பூனைப் புடவைக்குள் ஒளிக்கப் பார்க்கிறார், மடிசார் ஒத்துழைக்கவில்லை. அப்போது சாமி வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

சாமி உள்ளே வந்தார். பார்த்தார். நெற்றியில் சந்தனத்தோடு அப்படியே நின்றார். பிறகு தலையைத் தூக்கி நேரே மேலே பார்த்தார், என் கண்ணை.

"ஓமனே!"

மாமி சுவரோரம் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அடி பழக்கம். மாமிக்குப் பழக்கமில்லை.

"நான்தான் சாமி" என்றேன் ஓட்டை வழியாக. "சாக்பீஸ் பொடி. சும்மா ஒரு தமாசுக்கு."

அம்மா வேலை முடிந்து அப்போதுதான் படியேறி வந்திருந்தாள். கையில் சுக்கு முறம். முறத்தால் அடி வாங்கியிருக்கிறீர்களா? சத்தம்தான் ஜாஸ்தி.

கீழே சாமி கத்தவில்லை. "சாக்பீஸா? அது பரவாயில்லை, கரையாது, அடியில படிஞ்சுடும்" என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். "அழகம்மா, அடிக்காதே. போறும்." மாமி அண்ணாந்து ஓட்டையை ஒரு தடவை பார்த்தார்.

நான் செய்தது பெரிய தியாகம் என்று நினைத்து அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உண்மையில் அது முட்டாள்தனம். சாமி சாக்பீஸை நம்பிவிட்டார். ஆகவே வேறு காரணத்தைத் தேடவில்லை. காலையில் சோதித்தபோது கால்சியமும் விழுந்திருந்தது, காரமும் விழுந்திருந்தது. தினமும் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்தும் ஏன் இறங்குகிறது? பவழம் நிறையத் தின்கிறது போலிருக்கிறது என்று நினைத்துச் சுண்ணாம்பைக் கூட்டினார். பவழம் இன்னும் சுருங்கியது. அதைப் பார்த்து மாமி சோடாவைக் கூட்டினார். இரண்டு பேரும் போட்டி போட்டு அதைக் காப்பாற்றினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கீழே, சாமியின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சாமி கோயிலிலிருந்து வந்தார். இனிமேல் ஓட்டைப் பக்கம் போக மாட்டேன் என்று அவரிடம் நேரில் சொல்ல அம்மா என்னைத் தள்ளிவிட்டிருந்தாள். நான் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது சாமியின் கண் என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். தொட்டியில் மறுபடி பனி.

இந்தத் தடவை நான் அவர் கண் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். மேலே யாருமில்லை.

சாமி தொட்டிக்குப் பக்கத்தில் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளை கொஞ்சம் படியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பவழம் தெரிந்தது. பூ ஒன்றுகூட இல்லை. எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஓரம் வெளுத்திருந்தது, நகக்கண் மாதிரி.

"ராசப்பனை வரச் சொல்லு ஓமனே" என்றார். "மீனைக் கொண்டுபோய் விட்டுடட்டும். இதையும் கொண்டுபோகட்டும். கடல்ல போட்டா பொழைக்குமோ என்னமோ. என் கையில பொழைக்காது."

"சாமி, இருங்க..."

"போறும். நாலு ஆச்சு. தண்ணி தானாவே வெளுக்கறது. எனக்கு ஒரு காரணமும் தெரியலை. தெரியாதவன் உசிரை வெச்சு விளையாடக் கூடாது."

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார். சொன்னால் மாமி மானம் போகும். சொல்லாவிட்டால் பவழம் போகும். வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தக் குட்டியை ஒண்ணும் கேக்காதீங்கோ" என்றார் மாமி. "அன்னிக்கும் அது போடலை. நானாக்கும் போட்டேன்."

"என்னது?"

"சோடா. ஆப்பச் சோடா. நீங்க மறந்துட்டேள்னு... பத்துப் பன்னெண்டு நாளா, விளக்கு வெச்சதும்." மாமி அடுக்களைக்குள் போய்த் துடைப்பக்குச்சி ஸ்பூனைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். "என் விரல் படலை. குச்சியாக்கும் பட்டது."

சாமி ஸ்பூனைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். குளூக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல நிறம் மாறியது, அவருடைய சோதனைக் குழாய் மாதிரி.

"சோடாவா? நீயா? நான் இங்கே சொட்டு சொட்டா சுண்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சுண்?" என்றார் மாமி.

அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டது. விறகுக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் பாட்டில், ஜெர்மன்காரன், குளூக்கோஸ் குழாய், எல்லாம். சாமி சொல்லச் சொல்ல மாமியின் முகம் கோபத்துக்குப் போகவில்லை. வேறெங்கேயோ போனது.

"அப்போ நகத்துல இருந்த சுண்ணாம்பு?"

"இதுக்காக்கும்."

"வெத்தலை இல்லை?"

"இல்லைடீ."

"வாயைத் திறங்கோ."

"ஓமனா நிக்கறா..."

"நிக்கட்டும். திறங்கோ."

மாமி ஷெல்ஃபிலிருந்து டார்ச்சை எடுத்தார். முன்னறை ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஐம்பது வயது தாண்டிய ஒரு மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்து ஆவென்று வாயைத் திறந்திருக்க, மாமி டார்ச் அடித்து உள்ளே இரண்டு கன்னத்தையும் நாக்குக்கு அடியிலும் பார்த்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு இல்லை. திட்டு இல்லை. டார்ச்சை அணைத்தார். தரையிலேயே உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார் என்றும் சொல்லலாம். எனக்கு அந்தக் கணக்கு சரியாகத் தெரியாது.

"பத்து நாளா ராத்திரி தூங்கலை நான்" என்றார். "சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ சொன்னியா?" என்றார் சாமி.

நான்தான் நடுவில் சொன்னேன்: "முறத்தடி எனக்குத் தானே கெடச்சது?"

சாமி முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் குழாயை அடைத்தார். "காரணம் தெரிஞ்சுடுத்து, காமாக்ஷி" என்றார். "காரணம் தெரிஞ்சுடுத்து! ரெண்டும் ஒண்ணா விழுந்து தண்ணியிலேயே கல்லாயிருக்கு. பவழத்துக்கு ஒரு துளி போகலை. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் பட்டினி போட்டிருக்கோம்." பட்டினி போட்டதைச் சொல்லும்போது ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

ராசப்பன் அண்ணனைக் கூப்பிடத்தான் வேண்டியிருந்தது, வேறு காரியத்துக்காக. அவரைத் தேடி நான்தான் ஓடினேன். வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"எந்தா மோளே, பட்டருக்கு மீன் பிடிக்கணுமா?"

"தண்ணி பிடிக்கணும். கலங்கல் இல்லாத தண்ணி."

"இந்த மழையிலயா? கலங்கல் தாண்டணும்னா கரை தெரியாத எடத்துக்குப் போகணும்."

"மாமி சொன்னாங்க."

"யாரு, மாமியா?" ராசப்பன் அண்ணன் வலையைக் கீழே வைத்தார். "தொட்டியைக் கண்டாலே காறித் துப்புற மாமியா?"

"அதே மாமி."

அடுத்து மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் அவர் வெளியே போய்க் கேன் கேனாகக் கொண்டுவந்தார். நீலமாக இருந்தது என்று சத்தியம் செய்தார். கேனுக்குள் எல்லாத் தண்ணீரும் ஒரே நிறம்தான். ஆனால் சாமி சோதித்துப் பார்த்துவிட்டு அவர் தோளில் கை வைத்தார். பாதித் தண்ணீரை மாற்றினார்கள். அடியில் படிந்த வெள்ளையை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். சோடா டப்பா ஆப்பத்துக்கே திரும்பிப் போனது. சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும், முன்பைவிட மெதுவாக, ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுவதற்குள் கொட்டாவி விடலாம் என்கிற வேகத்தில்.

சுண்ணாம்பு இப்போது மாமியின் கையில். அடுக்களை ஜன்னலில், ஊறுகாய்ப் பரணிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு ஜாடி. காலையில் கரைத்துவைத்து, சாயங்காலம் மேல் தெளிவை மட்டும் கலங்காமல் பாட்டிலில் ஊற்றுவது மாமி. சாமி ஊற்றினால் அடிக்கலங்கலும் சேர்ந்து வந்துவிடுகிறதாம். "மோர் தெளிவெடுக்கத் தெரியாத மனுஷன்" என்று மாமி சொல்கிறார். சோதித்துச் சொல்வது சாமி. கால்சியம் ஏறியது. காரமும் அதோடு ஏறியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே படியேறுகிற மாதிரி.

ஆனால் பவழம் திறக்கவில்லை. ஒரு வாரம், அதற்கும் மேல். வெளுத்த ஓரம் பரவவும் இல்லை, ஆறவும் இல்லை. சாமி ஆபீஸ் போகும்போது ஒரு தடவை, வந்து ஒரு தடவை குனிந்து பார்ப்பார். மாமி பரிமாறுவார். சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். நான் ஓட்டைப் பக்கம் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. நல்ல செய்தி வந்தால் மாமி சத்தம் கேட்கும் என்று மட்டும் காதை வைத்திருந்தேன்.

மாமி சத்தம் போடவில்லை. கர்க்கடகம் கழிகிற சமயம், மழை ஓய்ந்து கொஞ்சம் வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படியடியில் நின்று என் பெயரைத் தணிந்த குரலில் கூப்பிட்டார். குழந்தை தூங்குகிற வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. போனேன். சாமி பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நுரை பனியனில் வழிந்தது. துடைக்கவில்லை.

பவழத்தின் மேல்பக்கத்தில் ஒரு பூ. சின்னது, பச்சை. பக்கத்தில் இன்னொன்று பாதி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்வரிசையில் ஒன்று மெல்லத் தலை நீட்டியது. வெளுத்த ஓரம் வெளுத்தபடியே இருந்தது. அது இனி அப்படித்தான் இருக்கும், ஆனால் அதற்கு மேலே போகாது என்று சாமி பிறகு சொன்னார்.

"தொறந்துடுத்து" என்றார் மாமி.

சாமி போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். கொஞ்சம் அதிக நேரமாகவே துடைத்தார்.

"காமாக்ஷி, பசிக்கறது" என்றார்.

"இன்னும் உலையே வெக்கலை. மணி என்ன ஆச்சு?"

"பழையது இருக்கோ?"

இருந்தது. மோர் விட்டு, மாங்காய் ஊறுகாயோடு, சாமி பழையதை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மாமி எனக்கும் வாசற்படியில் ஒரு இலையைப் போட்டார், தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் பசியாக இருந்தது.